துவாதசிக்கு மறுநாள் எடுத்த படம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் திவ்யா, இளநிலை உதவியாளர். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். சாமான் அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறார்களாம். இருப்புப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் பார்த்து, பயன்படாததைக் கழிக்க வேண்டும்.

"சார், ரிஜிஸ்டர்ல 'சட்டம், இரும்பு, ஒன்று'ன்னு இருக்குது. ஜன்னல் சட்டமும் இல்ல, போட்டோ மாட்டறதும் இல்ல. சதுரமா நாலு கம்பி, அவ்ளோதான். இது எதுக்கு சார்?"

"இலையை அளக்கறதுக்கும்மா."

"கையாலயா சார்?"

"கையாலதான். ஒவ்வொரு இலையா."

திவ்யா சிரித்துவிட்டார். பிறகு, "இத எழுதிக் குடுங்க சார், ஆண்டு மலர்ல போடலாம். நாங்கல்லாம் இப்ப ஃபீல்டுக்கே போறதில்ல. எல்லாத்தையும் சிஸ்டமே சொல்லிடுது" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் எழுதுகிறேன். அவரைக் குறை சொல்ல அல்ல. நான் ஃபீல்டுக்குப் போனேன். போய்ப் பார்த்தேன். பார்த்ததை எழுதினேன். அப்படியும் தப்பாக எழுதினேன். அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வேலையை ஒரு வரியில் சொல்லலாம். செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் கொண்டு, ஒரு நிலத்தில் எவ்வளவு இலை இருக்கிறது என்று கணிப்பது. எந்த ஊரில் பயிர் நன்றாக வந்திருக்கிறது, எங்கே வாடுகிறது, எங்கே நிலம் சும்மா கிடக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு கணக்கிலிருந்துதான் வரும்.

இந்த வேலைக்கு நான் இரண்டு இடங்களிலிருந்து தயாராகி வந்தேன். ஒன்று, வீடு. நாங்கள் பட்டு நெய்கிறவர்கள். என் அண்ணன் வீட்டில் இன்றும் மூன்று தறி ஓடுகிறது. அப்பா புடவை முந்திக்கு டிசைன் போடுவார். கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்பது சில இழைகள். மாங்காயோ அன்னமோ, வளைந்த கோடு ஒரு கட்டத்தைக் குறுக்கே வெட்டினால், பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் அந்தக் கட்டத்தை அடைக்க வேண்டும், பாதிக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போதே இந்த விதி எனக்குத் தெரியும்.

இன்னொன்று, பத்திரிகை. கல்லூரி முடித்ததும் இரண்டு ஆண்டுகள் ஒரு மாலைப் பத்திரிகைக்குக் காஞ்சிபுரம் பகுதி நிருபராக இருந்தேன். கருடசேவைக் கூட்டத்தைப் பற்றி 'மக்கள் வெள்ளம் அலைமோதியது' என்று எழுதி அனுப்பினேன். செய்தி ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "வெள்ளமா? எத்தனை பேருப்பா? எண்ணினியா? எண்ண முடியலன்னா எண்ண முடியலன்னு எழுது" என்றார். அதற்குப் பிறகு நான் எதையும் எண்ணாமல் எழுதியதில்லை. அந்தப் பத்திரிகை மூடப்பட்டது. ஒரு விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். 'கள உதவியாளர்' என்று ஆணை வந்தது. பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. வசுந்தரா மேடத்தின் பின்னால் வயலில் நடந்ததுதான் பயிற்சி.

மேடம் எங்கள் பிரிவின் விஞ்ஞானி. குள்ளமான உருவம். பருத்திப் புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. சேற்றில் இறங்க அதைக் கழற்றி ஜீப்பின் முன்சீட்டில் வைப்பார். பின்சீட்டில் நாங்கள் உட்காருவோம். டிரைவர் உட்பட எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்பார். "பார்த்தீங்களா, நினைக்கிறீங்களா?" இதற்குப் பதில் சொல்லும்வரை அடுத்த வேலை நடக்காது.

களக் குறிப்பேடு பென்சிலில் எழுத வேண்டும். மழையில் மை கரையும். ஆனால் ரப்பர் வைத்திருக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். "தப்பு எங்க நடந்ததுன்னு நாளைக்குத் தெரியணும், ஏகாம்பரம். அழிச்சுட்டா தப்பு போகாது, இடம்தான் தெரியாமப் போகும்" என்றார்.

முதல் நாளே இன்னொன்றும் சொன்னார். "பச்சைன்னு எழுதாதீங்க. பச்சை கண்ணுக்கு. நமக்கு எவ்வளவு இலைங்கறதுதான் கணக்கு."

இனி அந்த இரும்புச் சட்டம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். கூரத்துப் பக்கம் ஒரு நெல் வயலில்தான் முதன்முதலில் அதை வைத்தேன். சட்டத்துக்குள் அகப்பட்ட பயிர் முழுவதையும் தரையோடு அறுத்து, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். அலுவலகத்தில் இலையைத் தனியாக, தண்டைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொரு இலையையும் கிராஃப் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து கட்டங்களை எண்ண வேண்டும். பாதிக்கு மேல் என்றால் ஒன்று, குறைந்தால் இல்லை. எல்லாம் கூட்டினால் வருவது இலையின் பரப்பு. மூன்று என்று வந்தால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே மூன்று சதுர மீட்டர் இலை விரிந்திருக்கிறது என்று பொருள்.

அந்த வயல்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்பா, புல்லு அறுக்க வந்தீங்களா, பரீட்சை எழுத வந்தீங்களா?" என்று கேட்டார். மேடம் திரும்பி, "பரீட்சைதாங்க. உங்க நெல்லுதான் கேள்வித்தாள்" என்றார்.

வயலில் எண்ணியதை எதற்கு வானத்தோடு சேர்க்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலை வெயிலில் உள்ள சிவப்பு ஒளியை உணவுக்காக உறிஞ்சிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி வீசுகிறது. வெறும் மண் அப்படிச் செய்வதில்லை. செயற்கைக்கோள் இரண்டு ஒளியையும் அளக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதானால் இலை அதிகம். ஆனால் எவ்வளவு அதிகம் என்று அதற்குத் தெரியாது. அது கொடுக்கும் எண்ணையும், கீழே நாங்கள் சட்டம் வைத்து எண்ணியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அதற்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதனால் எங்களுக்கு ஒரு கட்டளை இருந்தது. செயற்கைக்கோள் ஊருக்கு மேலே கடக்கும் அதே நாளில் கீழே வயலில் இருக்க வேண்டும். அன்றைக்கு எங்களுக்குப் படம் கொடுத்த செயற்கைக்கோள் பதினாறு நாளுக்கு ஒரு முறை, காலை பத்தரை மணிவாக்கில் கடக்கும். நாங்கள் பத்து மணிக்கே வரப்பில் நிற்போம். பல ஆண்டுகள் அந்த விதி எங்களைக் காப்பாற்றியது. ஒரு முறை அதுவே எங்களைக் கவிழ்த்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடைத் தொடக்கம். நிலமில்லாத குடும்பங்களுக்கு அரசு ஒப்படைத்த நிலங்களில் எவையெல்லாம் பயிர் செய்யப்படாமல் கிடக்கின்றன என்று வட்டாட்சியர் அலுவலகம் பட்டியல் கேட்டது. தரிசாகப் போட்டிருந்தால் ஒப்படையை ரத்து செய்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பது நிபந்தனை. பட்டியல் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது.

மேகம் மறைக்காத படங்கள் அடுத்தடுத்து மூன்று கிடைத்தன. மூன்றிலும் இலை மிகக் குறைவாக இருந்த நிலங்களைக் குறித்தேன். அவற்றில் ஒன்று முசரவாக்கத்துக்கு அப்பால், ஒட்டினாற்போல் இருந்த நான்கு துண்டுகள். ஆளுக்கு அறுபது சென்ட். மூன்று படத்திலும் மண்ணின் எண்தான் வந்தது. அதில் முதல் படம் எடுக்கப்பட்ட நாளன்று, விதிப்படி, நான் அங்கே நேரில் போயிருந்தேன். ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாகக் குச்சிகள் நின்றன. நுனியில் மட்டும் இரண்டொரு கொழுந்து. வேறு இலை கிடையாது. விசாரிக்க ஒருவரும் இல்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அன்று பிரதோஷம், விரதம். மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிக் கோயிலுக்குப் போய்விட்டேன்.

வானத்திலிருந்து பார்த்ததும் தரையிலிருந்து பார்த்ததும் ஒன்றாக இருந்தன. இதைவிட உறுதி என்ன வேண்டும்? 'தரிசு' என்று எழுதினேன். மேடம் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பட்டியல் போயிற்று. அந்த நான்கு குடும்பங்களுக்கும் நோட்டீஸ் போயிற்று. விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

நோட்டீஸ் கிடைத்த மறுநாள் காலை, ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு கோணிப் பை, கையில் சுருட்டிய காலண்டர், இன்னொரு கையில் நோட்டீஸ். பெயர் அருள்மேரி. தாலுகா அலுவலகத்தில், 'நாங்க எழுதலம்மா, படம் பார்க்கறவங்க எழுதினது' என்று சொல்லி எங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

"இங்க யாரு சார் வானத்துலருந்து பாக்கறது?"

நான்தான் என்றேன்.

"என் நெலத்துல எலையே இல்லன்னு எழுதிகிறீங்களாமே? அப்ப போன துவாதசிக்கு உங்க ஊரு பெருமாள் கோயில் தெருக்காரங்க துன்ன கீரை எங்கருந்து வந்துச்சு? நீங்க பாத்துக்கினு இருக்கிற வானத்துலருந்தா?"

கோணிப் பையைத் திறந்து ஒரு கட்டு எடுத்து என் மேஜை மீது வைத்தார். அகத்திக் கீரை.

"ஒக்காருங்கம்மா" என்றேன்.

"ஒக்கார வரல சார். எங்கம்மா ஆயுசு பூராவும் அடுத்தவங்க நெலத்துல நாத்து நட்டவங்க. கடைசியா அவங்க பேர்ல வந்துச்சு இந்த அறுபது சென்ட்டு. பொதர் வெட்டி, கல்லு பொறுக்கி, நாலு வூடும் சேந்து ஒரு கெணறு எடுத்தோம். தரிசாமே, தரிசு! வந்து பாத்தவரு யாரு? கண்ணு தெரியுமா அவருக்கு?"

அதற்கும் நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. குரல் கேட்டு மேடம் உள்ளறையிலிருந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

அருள்மேரி காலண்டரைப் பிரித்தார். சர்ச்சில் கொடுத்த மாதக் காலண்டர். மேலே மாதா படம். கீழே ஒவ்வொரு ஏகாதசித் தேதியைச் சுற்றியும் நீலப் பேனாவில் வட்டம்.

"ஏகாதசி மத்தியானம் வெட்டுவோம். ஈரச் சாக்குல சுத்தி, துவாதசி விடியறதுக்குள்ள மார்க்கெட்டுல எறக்கிடணும். விரதம் இருந்தவங்க அகத்திக் கீர துன்னுதானே விரதம் முடிப்பாங்க? அன்னிக்கு வுட்டா மறுநாளு அத யாரும் சீந்த மாட்டாங்க. அதனால ஒரே வெட்டு. நாலு வூட்டு நெலமும் மொட்ட. மீதி நிக்கிறது, தேய்பிறையா இருந்தா அமாவாசைக்கு மாட்டுக்குப் போவும். வளர்பிறையா இருந்தா ஆட்டுக்கு. அப்புறம் தண்ணி வுட்டா, அடுத்த ஏகாதசிக்குள்ள திரும்பத் தழைச்சிடும்."

மேடம் முதன்முறையாகப் பேசினார். "ஏகாம்பரம், அந்தக் காலண்டரைப் பார்க்காதீங்க. போய் மூணு படத்தோட தேதியையும் ஒரு தாள்ல எழுதிக்கிட்டு வாங்க."

எழுதிக்கொண்டு வந்தேன். மேடம் தாளை வாங்கி, காலண்டரின் மீது வைத்து, பென்சில் நுனியால் நாட்களை எண்ணினார். முதல் படம், வெட்டிய இரண்டாம் நாள். அடுத்தது, வெட்டிய மூன்றாம் நாள். மூன்றாவது, ஐந்தாம் நாள். அமாவாசைக்கும் மறுநாள், மாட்டுக்கான இலையும் போன பிறகு.

எனக்கு விஷயம் விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. செயற்கைக்கோள் பதினாறு நாளுக்கு ஒரு முறை வருகிறது. ஏகாதசி ஏறக்குறைய பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருகிறது. இரண்டும் ஒரு முறை ஒட்டி வந்துவிட்டால், அடுத்த சில தடவைகளும் ஒட்டியேதான் வரும். ஒன்றிரண்டு நாள்தான் விலகும். நாங்கள் ஒரே ஒரு நாளைத்தான் மூன்று முறை பார்த்திருக்கிறோம். மூன்று சாட்சி என்று எழுதியிருக்கிறோம்.

மேடம் என் குறிப்பேட்டை எடுத்து, அன்றைய பக்கத்தைப் பிரித்து, நிதானமாக உரக்கப் படித்தார். "'குச்சிகள், வரிசையாக. இலை இல்லை. தரையில் களை இல்லை. வாய்க்காலில் ஈரம்.'" நிறுத்திவிட்டுக் கேட்டார். "யாரும் பயிர் செய்யாத நிலத்துல களை எடுத்தது யாரு, ஏகாம்பரம்? தண்ணி பாய்ச்சினது யாரு?"

பார்த்ததெல்லாம் பார்த்தபடி எழுதியிருந்தேன். எழுதியதைப் படிக்கவில்லை.

"நீங்க மட்டும் இல்ல. கீழ என் கையெழுத்து இருக்கு" என்றார் மேடம்.

அருள்மேரி என் குறிப்பை எட்டிப் பார்த்தார். "இது என்னா, கடைசில பிரதோஷம்னு எழுதிகிது?"

"அன்னிக்கு நான் விரதம். அதான் சீக்கிரம் கெளம்பினேன்."

"அட சாமி! பிரதோஷம்னா துவாதசிக்கு மறுநாளு இல்ல? உங்க விரதத்த நீங்க பாத்துக்கினீங்க, பக்கத்துத் தெரு விரதத்த மறந்துட்டீங்க. நான் மாதா கோயிலுக்குப் போறவ, எனக்கு ரெண்டு கோயில் கணக்கும் தெரியுது!"

மேடம் சிரித்துவிட்டார். அருள்மேரியும் சிரித்தார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் வீடு சைவ வீடு. பிரதோஷமும் கிருத்திகையும் தெரியும். ஏகாதசிக் கணக்கு எங்கள் வீட்டில் கிடையாது. வேறு ஊரிலிருந்து வந்த ஒருவர் இந்தத் தப்பைச் செய்திருந்தால் ஊரைத் தெரியாதவர் என்று சொல்லியிருப்பேன்.

விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அருள்மேரி சொன்னதை அன்றே எழுதி அனுப்பிவிடலாம் என்றேன். மேடம் தலையசைக்கவில்லை. "நான் நம்பறேன். ஆனா முன்னாடி நம்பினதும் தப்பாப் போச்சே. அளக்கலாம்" என்றார். அருள்மேரியிடம் கேட்டார், "அடுத்த ஏகாதசி எப்பம்மா?"

"வர்ற வியாழன்."

"அன்னிக்குக் காலைல, நீங்க வெட்டறதுக்கு முன்னாடி வர்றோம்."

அதற்குள் மேடம் எனக்கு இன்னொரு வேலை கொடுத்தார். மேகம் என்று ஒதுக்கிய பழைய படங்களை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்த மூன்று படத்துக்கும் முந்தைய ஒன்றில் தாலுகா முழுக்கப் பஞ்சு அப்பியது போல் மேகம். அதற்கும் முந்தையதில் மேகத்துக்கு நடுவே ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் முசரவாக்கம். அந்த நான்கு துண்டும் பளிச்சென்று இலையின் எண்ணைக் காட்டின. தேதியைப் பார்த்தேன். ஏகாதசி. படம் எடுத்தது காலை பத்தரைக்கு. அவர்கள் வெட்டுவது மத்தியானம். முழுப் படமாக இல்லை என்று நான் தள்ளிய படம் அது.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நிலத்தில் இருந்தோம். போன முறை குச்சிகளைப் பார்த்த இடத்தில், தோள் உரசாமல் நடக்க முடியவில்லை. நான்கு வீட்டுப் பெண்களும் கத்தியோடு நின்றார்கள். எங்கள் சட்டம் நெல்லுக்குச் செய்தது. தலைக்கு மேல் வளர்ந்த அகத்திக்கு உதவாது. மேடம் தரையில் சட்டத்தை வைத்து, நான்கு மூலையிலும் நான்கு மூங்கில் குச்சியை நட்டு, கயிறு கட்டச் சொன்னார். கயிற்றுக் கூண்டுக்குள் இருந்த இலை மட்டும் கணக்கு.

"வெட்டிக்குங்க, இன்னிக்கு வெட்டறதுதானே" என்றார் அருள்மேரி. "ஆனா எலய கிழிக்காத திருப்பிக் குடுத்துடணும். நாளைக்கு விரதக்காரங்க வயித்துக்குப் போறது. உங்க கிராப்புக்கு நைவேத்தியம் பண்ண முடியாது."

இலையைக் கிழிக்காமல் எண்ணுவது எப்படி? அகத்தியின் ஒரு இணுக்கில் சின்னச் சின்னதாகப் பல இலைகள். எல்லாவற்றையும் வரைந்தால் வாரக்கணக்கில் ஆகும். மேடம் நூறு இலையை மட்டும் கிள்ளச் சொன்னார். அந்த நூறையும் கிராஃப் தாளில் வரைந்தேன். தராசில் எடை போட்டோம். பிறகு கூண்டுக்குள் வெட்டிய கீரை முழுவதையும், தண்டின் எடையைக் கழித்து நிறுத்தோம். நூறு இலையின் எடைக்கு இவ்வளவு பரப்பு என்றால், இத்தனை எடைக்கு எவ்வளவு பரப்பு? வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐந்து இடத்தில் இப்படி. ஒரு சதுர மீட்டர் தரைக்கு இரண்டரை சதுர மீட்டருக்குச் சற்று மேல் இலை வந்தது. நல்ல நெல் வயலுக்குப் பக்கத்தில் வரும் எண்.

நான் கட்டங்களை எண்ணும்போது ஒரு பெண் பக்கத்தில் குந்தி, "பாதிக் கட்டத்துக்கு என்னா சார் பண்ணுவ?" என்று கேட்டார்.

"பாதிக்கு மேல இருந்தா ஒண்ணு. கொறஞ்சா இல்ல."

"எங்க கட்டத்த அப்படித்தான் இல்லன்னுட்ட போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எண்ணிக்கையை விட்டுவிட்டு, முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

மறுநாளும் போனோம். அதே கூண்டுகளில் மீண்டும் அளந்தோம். குச்சிகள், நுனியில் கொழுந்து. ஏறக்குறைய ஒன்றுமில்லை. நான் முன்பு எழுதியதற்கும் அன்று கண்டதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

கடிதத்தை நான் எழுதினேன். 'செயற்கைக்கோள் படத்துக்கும் கள நிலவரத்துக்கும் இடையே வேறுபாடு காணப்பட்டதால்' என்று தொடங்கியிருந்தேன். மேடம் அந்த வரியை ஒற்றைக் கோடால் அடித்தார். "வேறுபாடு எங்க காணப்பட்டது? ரெண்டும் ஒத்துத்தானே போச்சு? தப்பு நம்மளுது. அப்படியே எழுதுங்க."

பத்திரிகையில் திருத்தம் என்றால் உள்பக்கத்தில், கடைசிப் பத்தியின் அடியில், இருப்பதிலேயே சிறிய எழுத்தில் போடுவோம். அதை மேடத்திடம் சொன்னேன். "இங்க முதல் பக்கம், முதல் வரி" என்றார். கீழே இரண்டு கையெழுத்து. அவருடையது மேலே.

விசாரணை நாளன்று வட்டாட்சியர் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். நான்கு குடும்பமும் சுவரோரம் நின்றிருந்தது. அருள்மேரி காலண்டரைச் சுருட்டி மார்போடு பிடித்திருந்தார்.

"போன மாசம் இலை இல்லன்னு குடுத்தீங்க. இப்ப இருக்குதுன்னு குடுக்கறீங்க. எதும்மா நிஜம்?"

"ரெண்டும் நிஜம் சார்" என்றார் மேடம். "இலை இல்லன்னு சொன்னது சரி. அதனால தரிசுன்னு சொன்னதுதான் தப்பு. அவங்க விளைச்சலே இலைதான். அறுவடை முடிஞ்ச நிலத்தைப் பார்த்துட்டு விதைக்கவே இல்லன்னு எழுதிட்டோம்."

வட்டாட்சியர் அருள்மேரியின் காலண்டரை வாங்கி வட்டங்களைப் பார்த்தார். எங்கள் தேதிகளைப் பார்த்தார். "எங்க வீட்லயும் துவாதசிக்கு அகத்திதான்" என்று மட்டும் சொன்னார். நான்கு பெயருக்கும் எதிரே எழுதி, பட்டியலிலிருந்து நீக்கினார். அதே பட்டியலில் உண்மையாகவே தரிசாகக் கிடந்த நிலங்களும் இருந்தன. அவற்றை நாங்கள் மாற்றவில்லை. ஆனால் சீமைக் கருவேலம் மண்டிய இரண்டு துண்டை, இலை நிறைய என்பதால் 'பயிர்' என்று விட்டிருந்தேன். அந்தக் கடிதத்திலேயே அதையும் திருத்திக் கொடுத்தோம்.

வெளியே வந்ததும் நான் அருள்மேரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. காலண்டரை என் கையில் கொடுத்தார்.

"இத உங்க ஆபீஸ்ல மாட்டி வை சார். மேலருந்து படம் புடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா பாத்துக்க."

மாட்டினோம். படம் பார்க்கும் கணினிக்கு மேலே, மாதா காலண்டர். இன்றும் ஒவ்வொரு தை மாதமும் அவரே வந்து, ஏகாதசிக்கு வட்டம் போட்ட புதியதை மாட்டிவிட்டுப் போகிறார். மேடம் அன்றைக்கு ஒரு விதியும் சேர்த்தார். நிலத்தில் ஆள் இல்லை என்றால் எதுவும் முடிவு செய்யக் கூடாது. ஆள் வரும்வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும். நான் ஓய்வு பெறும்வரை அந்த விதியை மீறவில்லை. அதனால் சில வேலை தாமதமானது. யாருக்கும் தப்பான நோட்டீஸ் போகவில்லை.

மேடம் இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். அனுப்புவதற்கு முன் இதைப் போனில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "'சில வேலை தாமதமானது'ன்னு எழுதியிருக்கீங்களே, எத்தனை?" என்றார். என்னிடம் எண்ணிக்கை இல்லை. ஆகவே எண்ணவில்லை என்று எழுதிவிடுகிறேன். என் பெயரில் வெளியே போக வேண்டிய ஒரு தவற்றுக்கு மேலே தன் கையெழுத்தைப் போட்டவர் அவர். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

திவ்யாவிடம் மீண்டும் பேசினேன். முசரவாக்கத்துப் பக்கம் அந்த நான்கு துண்டை இப்போது சிஸ்டம் எப்படிக் காட்டுகிறது என்று கேட்டேன். இப்போது சில நாளுக்கு ஒரு படம் வருகிறது. அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இலை நல்லா இருக்குது சார். நடுநடுல மட்டும் பொசுக்குனு எறங்குது, திரும்ப ஏறுது. மேகமா இருக்கும்னு சிஸ்டமே அத மழுப்பி நேராக்கிடுது."

"அது மேகம் இல்லம்மா. உன் தலைக்கு மேல காலண்டர் இருக்குது பாரு. அந்த எறக்கத்தோட தேதியையும், வட்டம் போட்ட தேதியையும் பக்கத்துல வச்சுப் பாரு."

தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அய்யோ சார்!" என்றார். சட்டத்தைக் கழிக்கப் போவதில்லை என்றும், அந்த நிலத்தை நேரில் பார்க்க வியாழக்கிழமை ஜீப் கேட்டிருப்பதாகவும் அடுத்த நாள் செய்தி அனுப்பினார்.

நேற்றுத் துவாதசி. அன்று காலையில் மார்க்கெட்டில் அருள்மேரியிடம் ஒரு கட்டு வாங்கினேன். எங்கள் வீட்டில் விரதம் இல்லாவிட்டாலும், இருபது ஆண்டுகளாக இது பழக்கம். சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்:

"சார், நேத்து வெட்டிட்டேன். மேல சொல்லி வை."

"நான்தான் ரிட்டயர் ஆயிட்டேனேம்மா."

"நீ ரிட்டயர் ஆனா என்னா? அது இன்னும் சுத்திக்கினுதானே இருக்குது?"